லாயத்தைக் கொடுத்த கை

அதாவுல்லா கேட்டது சின்னக் கேள்விதான்.

"எங்கம்மா உயிரோட இருந்தப்பவே நீ இங்க வந்துட்டியா, நாகம்மா?"

நாகம்மா தலையாட்டினாள். இதில் என்ன சந்தேகம்? வந்த நாளிலிருந்து காலையில் பால் சொம்பை அவர் அம்மா பேகம்மா கையில்தான் கொடுத்தாள். ஆனால் கேள்வியின் முன்பாதி அவள் காதில் மெதுவாகத்தான் ஏறியது.

"உயிரோட இருந்தப்பன்னா?"

"மவுத்தாகறதுக்கு முன்னாடி."

"பேகம்மா செத்துட்டாங்களா?"

அதாவுல்லா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஐம்பது வயது, பெங்களூரில் செருப்புக் கடை. தன் அம்மாவின் சாவைப் புதுச்செய்தி போல ஒருத்திக்குச் சொல்ல வேண்டிவரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"எழுபத்து மூணுல. இதே வீட்ல. நான்தான் மண்ணு போட்டேன்."

"இல்லீங்க பாய். அவங்க கார்ல ஏறிக் கிருஷ்ணகிரி போனாங்க. நான் பார்த்தேனே. கறுப்பு புர்கா போட்டுக்கிட்டு, கையில ஒரு டிபன் கேரியர் வச்சிக்கிட்டு."

"அது எங்க அண்ணி, வஜிஹா. அம்மா போனதுக்கு அப்புறம் அண்ணனும் அவங்களும் ஒரு வருஷம் இங்க இருந்தாங்க. அப்புறம் கிருஷ்ணகிரிக்குப் போயிட்டாங்க."

நாகம்மாவின் கையில் வைக்கோல் இருந்தது. அதைக் கீழே போடலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாகப் பேகம்மா கிருஷ்ணகிரியில் எங்கோ ஒரு வீட்டில் வயசாகிக்கொண்டிருந்தாள். முடி நரைத்திருக்கும், முட்டி வலிக்கும், யாராவது பால் கொடுப்பார்கள். அந்த வீடும் அந்த முட்டியும் அந்தப் பாலும் ஒரு நொடியில் இல்லாமல் போயின.

தொண்ணூற்று நாலாம் வருஷம், தை மாதம். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் ரோட்டில் மத்திகிரி தாண்டி, உள்ளே தள்ளி நிற்கும் அந்த வீட்டைக் குதிரைக்கார பங்களா என்பார்கள். கட்டியவர் அதாவுல்லாவின் தாத்தா. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் குதிரை விற்றவர். பதினாறு தூண், நடுக்கூடம், கதவுகளுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. வாசல் வளைவில் சுண்ணாம்பில் செய்த இரண்டு குதிரைத் தலைகள். ஒன்றுக்கு மூக்கு இல்லை. பின்னால் பன்னிரண்டு குதிரை கட்டும் லாயம். நாகம்மா வந்தபோது லாயத்தில் குதிரை இல்லை. அவள் புருஷன் திம்மராயனின் மூன்று மாடுகள் நின்றன. திம்மராயனின் அப்பா குதிரைக்குப் புல் போட்டவர். மகன் வீட்டுக்குத் தண்ணீர் இறைத்து, வேலி கட்டி, மாட்டோடு அங்கேயே தங்கிவிட்டான். லாயத்தின் கிழக்குக் கோடியில் மூன்று தடுப்புகளை அடைத்து அவர்கள் குடித்தனம்.

இப்போது வீட்டைப் பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்குகிறார். இடித்துவிட்டு மனை போடப் போகிறார். இடம் பார்க்க வந்தவர்களிடம் நாகம்மா, லாயம் பேகம்மா தனக்குக் கொடுத்தது என்று சொல்லியிருந்தாள். அதைக் கேள்விப்பட்டுத்தான் அதாவுல்லா வந்திருக்கிறார்.

"காகிதம் ஏதாவது இருக்கா?"

"காகிதம் ஏதுங்க. வாயால சொன்னதுதான்."

"அம்மா சொல்லியிருந்தா போதும். அவங்க பேச்சை மீறி லாயம் இருக்கிற அந்த மூணு சென்ட்டை நான் வித்தேன்னா நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்? தனியா எழுதிக் குடுத்துடறேன். ஆனா அண்ணியோ வேற யாரோ சொல்லியிருந்தா அது சும்மா பேச்சு. சொல்ல அவங்களுக்கு அதிகாரம் இல்லை." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வர்ற வியாழக்கிழமை அண்ணியையும் கூட்டிட்டு வரேன். அவங்களும் கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள யோசிச்சு வை. நிஜத்தைச் சொல்லு. சொல்றதை அப்படியே நம்புவேன்."

அவர் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது நாகம்மாவுக்கு.

ராசாத்தி கம்பெனி பஸ்ஸில் ஆறரைக்கு வந்து இறங்கினாள். நாகம்மாவின் ஒரே மகள். சிப்காட்டில் கடிகார உறுப்பு செய்யும் கம்பெனியில் பூதக்கண்ணாடி வைத்துச் சின்னச் சின்னப் பல்சக்கரங்களைப் பார்த்துத் தள்ளுகிற வேலை. நீலக் கோட்டைக் கழற்றாமலே கேட்டு முடித்தாள்.

"ஒரு சாவு நடந்திருக்கு. அதே வீட்டுக் கொல்லையில இருந்துக்கிட்டு இருபது வருஷமா உனக்குத் தெரியலை. எங்க லைன்ல செக்கிங்குக்கு உன்னை விட்டா ஒரு பீஸும் ரிஜெக்ட் ஆகாது."

"நான் இருந்திருந்தா தெரியாதாடி? நான் அப்ப இங்க இல்லை."

"எங்க போன?"

"உன்னைப் பெத்துக்க."

சொன்ன பிறகுதான் அது இரண்டு பேருக்கும் உறைத்தது. ராசாத்தி உட்கார்ந்தாள்.

ஏழாம் மாதம் வளையல் போட்டு அஞ்செட்டிக்கு அப்பால் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். ராசாத்தி பிறந்து ஐந்து மாதம் கழித்துத்தான் நாகம்மா திரும்பினாள். அந்த நடுவில்தான் பேகம்மா போயிருக்க வேண்டும். திம்மராயன் பிள்ளையைப் பார்க்க இரண்டு முறை வந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சொல்லியிருக்க மாட்டாங்க," என்றாள் ராசாத்தி. "பச்சை உடம்புக்காரிகிட்ட சாவுச் சேதி சொல்லுவாங்களா? போன வருஷம் எங்க டீம்ல ஒருத்திக்குக் குழந்தை பிறந்தப்போ, அவ சித்தப்பா செத்ததை மூணு மாசம் மூடி வச்சாங்க. மாலை போட்ட போட்டோவைக்கூடப் பீரோவுக்குள்ள வச்சுட்டாங்க."

"அப்புறமாவது சொல்லலாமில்ல?"

"உங்கம்மா சொல்லியிருப்பாங்கன்னு அப்பா நினைச்சிருக்கும். அப்பா சொல்லியிருக்கும்னு உங்கம்மா நினைச்சிருப்பாங்க."

இருவரும் செத்துப் போயிருந்தார்கள். திம்மராயன் போய்ப் பதினோரு வருஷம். கேட்க ஆள் இல்லை. திம்மராயனோ ஒரு நாளைக்குப் பேசுவதை எண்ணினால் மாட்டிடம் பேசினதுதான் அதிகம் வரும்.

அக்பர் பாஷா, அதாவுல்லாவின் அண்ணன், ஆரம்ப வருஷங்களில் வந்து போவார். அவரிடம் ஒன்றிரண்டு தரம் "வீட்ல அம்மா சௌக்கியங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவரும் சௌக்கியம் என்றார். யாரைக் கேட்டாள், யாரைச் சொன்னார் என்பது இப்போதுதான் யோசிக்க வேண்டியதாகிறது. அவரும் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போய்விட்டார்.

எப்படி ஒரு ஆளை இன்னொரு ஆளாக நினைக்க முடியும் என்று ராசாத்தி கேட்டாள். நாகம்மா அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. வீட்டின் பின்சுவரில், லாயத்தைப் பார்த்தபடி, சாய்வாக மரச்சட்டங்கள் அடுக்கிய ஜன்னல். கீழே ஒரு சொம்பு நுழையும் அளவு திறப்பு. விடிந்ததும் சொம்போடு போய் நிற்பாள். ஒரு கை வரும். கண்ணாடி வளையல் போட்ட, வெளுத்த கை. சொம்பை வாங்கிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் கழுவின சொம்பு வெளியே வரும். உள்ளே இரண்டு கிராம்பு கிடக்கும். முதல் நாள் அவள் அதைக் குப்பை என்று நினைத்துக் கொட்டப் போனாள். திம்மராயன்தான் "காலிப் பாத்திரம் திருப்பித் தரமாட்டாங்க இந்த வீட்ல" என்றான். மசக்கைக் காலத்தில் அந்தக் கிராம்புதான் அவளைக் காப்பாற்றியது. வாயில் அடக்கிக்கொண்டால் குமட்டல் நிற்கும்.

குரல்? கேட்டிருக்கிறாள். ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் குரல் வெளியே போகாமல் பேசுவார்கள். அவளுக்கோ அப்போது வீட்டுப் பேச்சு கன்னடம். தமிழ் காதில் விழுந்து அர்த்தம் ஆவதற்கே நேரம் பிடிக்கும். குரலைக் கவனித்து வைக்க மிச்சம் இருக்காது.

ஒரு மழைக்காலை அந்தக் குரல் சொன்னது: "நாகம்மா, லாயத்தை விட்டு எங்கேயும் போகாதே. யார் வந்து கேட்டாலும் அது உன்னுதுன்னு சொல்லு." சொம்பின் ஒரு பக்கம் அந்தக் கை, மறுபக்கம் இவள் கை. விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னது. அது மட்டும் நேற்று நடந்தது போல இருக்கிறது.

"அஞ்செட்டிக்குப் போறதுக்கு முன்னாடியா, வந்த பிறகா?" என்றாள் ராசாத்தி.

நாகம்மா கண்ணை மூடினாள். மழை இருந்தது. முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். உடம்பில் பாரம் இருந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பாரம் இருந்துச்சு."

"எங்க?"

நாகம்மா எழுந்து நின்றாள். கையை வயிற்றில் வைத்துப் பார்த்தாள். இடுப்புக்கு நகர்த்தினாள். மறுபடி வயிற்றுக்கு வந்தாள். இரண்டு இடத்திலும் பாரம் இருந்தது.

"தெரியலைடி."

"வயித்துலன்னு சொல்லு. முடிஞ்சுது."

"இருந்துச்சான்னு தெரியலையே."

"வயித்துல இருந்தாலும் இடுப்புல இருந்தாலும் அது நான்தானே? நான் சொல்றேன், வயித்துலதான் இருந்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நாகம்மா சிரித்துவிட்டாள். ஆனால் நிஜத்தைச் சொன்னால் நம்புவேன் என்கிறவரிடம் தெரியாததை எப்படி நிஜமாகச் சொல்வது? தெரியவில்லை என்றால் மாடு எங்கே போகும், இவர்கள் எங்கே போவார்கள்? பிறந்த மாதம் தெரிந்தால் மழைக்காலத்தோடு பொருத்திப் பார்க்கலாம் என்று ராசாத்தியின் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தார்கள். ஜூன் பத்து என்று இருந்தது. அந்த வருஷம் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்த எல்லாப் பிள்ளைகளும் ஜூன் பத்தில்தான் பிறந்திருந்தார்கள். ஹெட்மாஸ்டருக்கு அந்தத் தேதி பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை ராசாத்திக்கு வார விடுமுறை. நாகம்மா சாவியை எடுத்துக்கொண்டாள். வீட்டைக் கூட்ட மாதம் ஒரு முறை அவள்தான் திறப்பாள். இன்றைக்குக் கூட்டப் போகவில்லை. இன்றைய நாளிலிருந்து பின்னோக்கி நடந்தால் அந்த மழைக்காலைக்குப் போய்ச் சேரலாம் என்று ஒரு எண்ணம். அவளுக்கு வருஷம் கணக்கு வராது. யார் யார் வாடகைக்குக் குடிவந்து பால் காய்ச்சினார்கள் என்பதுதான் கணக்கு. யார் வந்தாலும் முதல் நாள் பால் அவள் மாட்டுப் பால்தான்.

"கடைசியா காய்ச்சினது யாரு?" என்றாள் ராசாத்தி, கூடத்தில் நின்றுகொண்டு.

"கடைசியா காய்ச்சினது நான். பெங்களூர்ல கலாட்டா நடந்தப்போ."

மூன்று வருஷம் ஆகவில்லை. ஆற்றுத் தண்ணீர்ச் சண்டையில் தமிழர்கள் அங்கே இருக்க முடியாமல் பஸ்ஸிலும் லாரியிலும் நடந்தும் ஓசூருக்கு ஜனம் வந்துகொண்டே இருந்தது. பங்களா பூட்டிக் கிடந்தது. யாரையும் கேட்காமல் நாகம்மாதான் திறந்துவிட்டாள். நாற்பது பேர், பதினோரு நாள். கூடத்தின் நடுவில் மூன்று கல் வைத்து அண்டாவில் பால் காய்ச்சினாள், பிள்ளைகளுக்கு. தரையில் இன்னும் கரி வட்டம் இருக்கிறது.

"அது குடித்தனமா? அதை எண்ணலாமா?"

"ஏன், மனுஷங்க இருந்தாங்கல்ல?"

"சரி, எண்ணு. அதுக்கு முன்னாடி?"

அதற்கு முன்னால் பன்னிரண்டு பையன்கள். கம்பெனியில் பயிற்சிக்கு வந்தவர்கள்; மதுரை, திருச்சி, இராமநாதபுரம். ஒரு கூட்டம் போகும், வேறு கூட்டம் வரும், பன்னிரண்டு மட்டும் மாறாது. சுவரெல்லாம் பெயர்கள், கிரிக்கெட் ஸ்கோர், ஷிப்ட் அட்டவணை. பந்து பட்டுப் பச்சைக் கண்ணாடி இரண்டு உடைந்தது. அவளைப் 'பால் கம்பெனி' என்று கூப்பிடுவார்கள். "பால் கம்பெனி, இன்னைக்கு என்ன உற்பத்தி குறைஞ்சுடுச்சு? ஸ்ட்ரைக்கா?" அவர்கள் பால் காய்ச்சவில்லை. நேராக டீ போட்டார்கள்.

"டீயைக் கணக்குல சேர்க்கலாமா?"

"அதுலயும் பால்தானே ஊத்தினேன்."

நடு அறையில் சுவரோரமாக ஒரு நீண்ட வெளுப்பு இருந்தது. கட்டில் கிடந்த இடம். பையன்களுக்கு முன்னால் அங்கே என்ஜினீயர் ரத்தினவேலும் அவர் மனைவி பார்வதியும் இருந்தார்கள். கோவில்பட்டிப் பக்கம். குடிவந்த அன்று பார்வதி ஏறிய பஸ் தருமபுரி தாண்டி நின்றுவிட்டது. நல்ல நேரம் முடியப் போகிறது. ரத்தினவேல் கடிகாரத்தைப் பார்க்கிறார், வாசலைப் பார்க்கிறார், கடைசியில் நாகம்மாவைப் பார்த்தார். "அம்மா, நீங்களே வச்சுடுங்க." அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. ரத்தினவேலுக்குச் சந்தோஷம். பத்து நிமிஷத்தில் பார்வதி வந்து இறங்கினாள். அடுப்பைப் பார்த்தாள். நாகம்மாவைப் பார்த்தாள். புருஷனிடம், "எவ காய்ச்சுனாளோ அவதானே வீட்டுக்காரி. பெறவு நான் எதுக்கு வந்தேன்? அந்தப் பஸ்லயே திரும்பிப் போறேன்" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவளே இன்னொரு முறை காய்ச்சினாள். அது கிழக்கே வழியவில்லை. அதற்கும் நாகம்மா மேல்தான் கோபம்.

"ஒரு குடும்பத்துக்கு ரெண்டு பால்," என்றாள் ராசாத்தி. விரல்களை மடக்கிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

அதற்கு முன்னால் நாராயணப்பன். கெலமங்கலத்துப் புளி வியாபாரி. முறையாகப் பால் காய்ச்சினார், ஐயரை வைத்து. மறுநாள் மூன்று வண்டிப் புளியைக் கொண்டுவந்து இறக்கினார். அதன்பிறகு அந்த வீட்டில் குடியிருந்தது புளிதான். ஐந்து வருஷம். அவர் மூட்டைகள்மேல் படுத்துத் தூங்குவார். "இவ்வளவு பெரிய வீட்டுல உங்களுக்குப் படுக்க இடமில்லையா?" என்று திம்மராயன்கூட ஒரு நாள் பேசினான். "தரையில படுத்தா சீலிங் ரொம்பத் தூரத்துல தெரியுது, பயமா இருக்குப்பா," என்றார். புளி கெடாமலிருக்க அவர் போட்ட உப்பு சுவரில் ஏறி, பின்கட்டு அறைகளில் சுண்ணாம்பு இன்றைக்கும் பொடிப்பொடியாக உதிர்கிறது.

அந்த உதிர்ந்த சுவரின் கோடியில் ஜன்னல். இத்தனை வருஷத்தில் நாகம்மா அதன் உள்பக்கம் நின்றதில்லை. கூட்டும்போதுகூட விளக்குமாற்றை நீட்டிக் கூட்டிவிட்டு வந்துவிடுவாள்.

"நீ வெளியே போய் நில்லு," என்றாள் மகளிடம். "சொம்பு பிடிச்சிருக்கிற மாதிரி."

ராசாத்தி சுற்றிக்கொண்டு போய் நின்றாள். நாகம்மா சட்டங்களின் இடுக்கில் பார்த்தாள். உள்ளேயிருந்து வெளியே நன்றாகத் தெரிந்தது. ராசாத்தியின் முகம், கழுத்து, மாட்டின் வால், லாயத்துக் கதவு, கொடியில் காயும் நீலக் கோட்டு. கீழே குனிந்தால் அவள் வயிறு. இங்கே நின்றவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வயிற்றிலா, இடுப்பிலா என்பது உட்பட. தெரிய வேண்டியவளுக்குத்தான் தெரியவில்லை.

திறப்பு வழியாகக் கையை நீட்டினாள்.

"அம்மா," என்றாள் வெளியேயிருந்து ராசாத்தி. குரல் ஒரு மாதிரி இருந்தது. "உன் கை மாதிரியே இல்லை."

"யார் கை மாதிரி இருக்கு?"

"யார் கையோ மாதிரி."

வியாழக்கிழமை காரில் அதாவுல்லாவும் வஜிஹாவும் வந்தார்கள். வாங்குகிறவரின் ஆள் ஒருவன் அளக்கும் டேப்போடு பின்னால் வந்தான். வஜிஹாவுக்கு அறுபது இருக்கும். முகத்திரை போடவில்லை, வெறும் முக்காடுதான். வட்ட முகம், ஒரு கன்னம் வீங்கியிருந்தது, பல்வலி. நாகம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. பார்க்காத முகத்தில் எது வரும்? கையைப் பார்க்க வேண்டும். கை முக்காட்டுக்குள் இருந்தது.

கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நாகம்மா டம்ளரில் பால் கொண்டுவந்து வைத்தாள். ராசாத்தி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரைநாள் லீவு போட்டிருந்தாள்.

"சொல்லு நாகம்மா," என்றார் அதாவுல்லா. "அந்தப் பேச்சு அம்மா இருந்தப்பவா, அப்புறமா?"

நாகம்மா வாயைத் திறந்தாள். இரண்டு நாளாக ராசாத்தி சொல்லிக்கொடுத்த ஒரு வார்த்தைதான். வயித்துல. வந்தது வேறு.

"பாய், எனக்கு ரெண்டு விதமாவும் ஞாபகம் வருது."

ராசாத்தி தூணில் தலையை இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

அதாவுல்லாவின் முகம் கோணியது. கோபமில்லை, என்ன செய்வதென்று அவருக்கும் விளங்கவில்லை. அண்ணியிடம் திரும்பினார். "நீங்க இங்க இருந்த வருஷம், ஜன்னல்ல பால் வாங்கினது நீங்களா?"

வஜிஹா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் யாரோ பையன் எழுதிய ஸ்கோரைப் படிப்பது போல இருந்தது.

"நானா? நான் அந்த ஜன்னல் பக்கமே போனதில்லை. உங்க அண்ணன்தான் எந்திரிச்சு வாங்குவாரு."

"அண்ணனா? அவரு எட்டு மணிக்கு முன்னாடி எந்திரிச்சதை யாருமே பார்த்ததில்லையே."

"இங்க வந்த பிறகு எந்திரிச்சாரு."

"வளையல் போட்ட கைன்னு சொல்றாளே நாகம்மா?"

"அப்ப அது மாமிதான். உங்க அண்ணன் வளையல் போட்டு நான் பார்க்கலை."

அதாவுல்லா சிரிக்கப் பார்த்து, அம்மா ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். "அப்ப சரி. அம்மா சொன்னதுதான்," என்றார். பாரம் இறங்கின மாதிரி எழுந்து டேப்காரனோடு வெளியே போனார். கொல்லையில் அவர் குரல் கேட்டது. மூணு சென்ட்டை விட்டுட்டு அள, அந்த மாட்டுத் தொட்டி வரைக்கும் விடு.

வஜிஹா டம்ளரை எடுத்தாள். முக்காட்டிலிருந்து கை வெளியே வந்தது. தோல் தொங்கின, புள்ளி விழுந்த, வளையல் இல்லாத கை. அது அந்தக் கையாக இருக்கலாம். எந்தக் கையாகவும் இருக்கலாம். அவள் பாலை முழுக்கக் குடித்தாள். பையிலிருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றி டம்ளரை அலசினாள். ஒரு சின்னத் தகர டப்பாவைத் திறந்து இரண்டு கிராம்பை எடுத்து டம்ளரில் போட்டு நீட்டினாள்.

நாகம்மா வாங்கவில்லை. டம்ளரின் இந்தப் பக்கத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"அம்மா. நீங்களா?"

வஜிஹா அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். டம்ளருக்குள் பார்த்தாள். இழுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நொடி யோசித்தது போலத் தெரிந்தது.

"இது மாமி பழக்கம். கல்யாணமான புதுசுல எனக்குக் கத்துக் குடுத்தது. இந்த வீட்டுல யாரா இருந்தாலும் இப்படித்தான் செய்வோம்."

"அந்த மழை நாள்ல லாயம் உன்னுதுன்னு சொன்னது யாரும்மா?"

"மெதுவாப் பேசு," என்றாள் வஜிஹா. கொல்லையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாமி கடைசி மாசங்கள்ல படுத்த படுக்கை. ஜன்னல் வரைக்கும் நடக்க முடியாது. நான் கிருஷ்ணகிரியில இருந்து வந்து வந்து போவேன். அப்பவும் பால் வாங்கியிருக்கேன். அவங்க உள்ளேருந்து சொல்லுவாங்க, அதை நான் ஜன்னல்ல சொல்லுவேன். அவங்க போன பிறகும் நான்தான் வாங்கினேன். எது அவங்க சொல்லிச் சொன்னது, எது நானா சொன்னது..." கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் இப்ப பிரிச்சுச் சொல்லத் தெரியலை நாகம்மா."

"அப்ப ஜன்னல் பக்கமே போகலைன்னு சொன்னீங்களே?"

"உனக்கு லாயம் வேணுமா வேண்டாமா?"

"வேணும்மா."

"அப்ப டம்ளரைப் பிடி. கை வலிக்குது."

நாகம்மா வாங்கிக்கொண்டாள். கேட்க இன்னும் ஒன்று இருந்தது. நான் அன்றைக்கு எப்படி நின்றேன், இடுப்பில் பிள்ளை இருந்ததா என்று. உள்ளே நின்றவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதாவுல்லாவின் செருப்புச் சத்தம் வந்துவிட்டது.

அடுத்த வாரம் பதிவு ஆபீசில் கூட்டம். தொழிற்சாலைகள் வந்ததிலிருந்து அந்த ஆபீசில் கூட்டம் குறைந்ததே இல்லை. பத்திரத்தை ராசாத்தி படித்தாள், உதடு அசையாமல், பல்சக்கரம் பார்ப்பது போல.

"என்ன எழுதியிருக்கு?"

"முனவர் பேகம் அவர்கள் தம் வாழ்நாளில் வாய்மொழியாகக் கொடுத்தபடிக்கு, அவர் மகன்..."

"முனவர் பேகமா? பேகம்மா பேரு அதுவா?"

"அதுகூடத் தெரியாதா உனக்கு?"

நாகம்மா காகிதத்தைப் பார்த்தாள். எழுத்துகள் நெருக்கமாக இருந்தன. ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இருந்தது.

"அந்த வஜிஹாம்மா பேரும் ஒரு மூலையில எழுத இடம் இருக்கான்னு கேளு."

"அம்மா. வாயை மூடிக்கிட்டுக் கட்டை விரலைக் குடு."

கொடுத்தாள். குமாஸ்தா விரலைப் பிடித்து மையில் உருட்டி, காகிதத்தில் உருட்டி விட்டார். அதாவுல்லா சலாம் சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். வஜிஹா காரைவிட்டு இறங்கவே இல்லை. காகிதத்தைக் காருக்கே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கார்க் கண்ணாடி ஏற்றியிருந்தது. நாகம்மா கொஞ்ச நேரம் அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள். கார் கிளம்பியது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு கிராம்பு. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றை மகளிடம் நீட்டினாள்.

"ஏது இது?"

"குடுத்தாங்க."

"யாரு?"

நாகம்மா கிராம்பைக் கடித்தாள். காரம் நாக்கில் ஏறியது.

"அந்த வீட்ல," என்றாள்.